வேலிப்பருத்திச் சாறு

ஜூன் 17, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் ஒன்றாம் வகுப்பு டீச்சரிடமிருந்து போன். “தன்ஷிகா வயிறு வலிக்குதுன்னு அழுவுறா, வந்து கூட்டிட்டுப் போங்க.” கிரைண்டரில் உளுந்து பாதி ஆடிக்கொண்டிருந்தது. உளுந்தைப் பாதியில் நிறுத்தினால் மாவு பொங்காது, இட்லி கல்லாகிவிடும், மாவு வாங்குகிறவர்கள் வாயில் கோவில்பட்டி முழுக்க என் பெயர் நாறிவிடும். கிரைண்டரை ஓடவிட்டுவிட்டு நானும் ஓடினேன்.

கடைசி பெஞ்சில் முட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது. மாந்தம்தான், வேறு என்ன? காலையில் ஆறிப்போன பூரியைத் தின்றுவிட்டுப் போனாள். தீப்பெட்டி ஆபீஸ் வேலியில் வேலிப்பருத்தி படர்ந்து கிடக்கிறது. நாலு இலையைக் கிள்ளி வந்து அம்மியில் தட்டிப் பிழிந்து, ஒரு சொட்டுத் தேன் விட்டுக் கொடுத்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும்.

கொஞ்ச நேரத்தில் பச்சைப் பச்சையாகக் கக்கினாள். மாந்தம் முழுக்க இலையோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. அப்புறம் தூங்கினாள். சாயங்காலம் எழுந்து பிஸ்கட் கேட்டாள். கை மேல் பலன்.

மாவு ஒன்றும் கெடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

பள்ளிக்கூடம் போனாள். நேற்று அழுதவள் வேறு யாரோ என்பது போலக் குதித்துக்கொண்டு போனாள்.

ஜூலை 1, திங்கள்

மறுபடியும் வயிற்று வலி, மறுபடியும் திங்கட்கிழமை. டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “லீவு போடுறதுக்கு நடிக்காளோன்னு தோணுதும்மா,” என்றார். என் மகள் நடிக்கிறவள் இல்லை என்று அவரிடம் வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளிடமே கேட்டேன். “ஏட்டி, நடிக்கியா?”

“இல்லம்மா, வலிக்கி.”

அம்மிக் குழவியை நான் எடுத்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். வலிக்கிறவளுக்கு இவ்வளவு வேகமாக ஓட முடியுமா? காலைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஊற்றினேன். அதே பச்சை வாந்தி. மதியத்துக்குள் சரியாகிவிட்டது.

இவர் சாயங்காலம் வந்தார். குட்டியானை வண்டியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு சாத்தூர், விருதுநகர் என்று போகிறவர். பெயர் சுடலைமணி, ஆனால் மணி அடித்தால்கூட இவரை விடச் சத்தம் வரும். பத்து வார்த்தை கேட்டால் ‘சரி’ என்று ஒரு வார்த்தை வரும். இன்று அதிசயமாக வாயைத் திறந்தார். “டாக்டர்ட்ட ஒரு எட்டு காட்டுவமா, செம்பகம்?”

“எல இருக்கையில டாக்டர் எதுக்கு?”

“சரி,” என்றார்.

ஜூலை 5, வெள்ளி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்று நாளும் வெறும் வயிற்றில் சாறு கொடுத்து முடித்தேன். இனி வராது.

ஜூலை 12, வெள்ளி

வந்துவிட்டது. இந்தத் தடவை ராத்திரியெல்லாம் முனகினாள். இவர் என்னைக் கேட்காமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நின்றார். பஜாரில் இருக்கிற கிளினிக்குக்குப் போனோம். எங்கள் டோக்கன் வருவதற்குள் வலி நின்றுவிட்டது. டாக்டர் அறைக்குள் நுழையும்போது இந்தக் கழுதை மேசை மேலிருந்த பொம்மை எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மானம் போயிற்று.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஸ்கேனும் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறதாம்.

“வாந்தி என்ன கலர்?”

“பச்ச, சார். பச்சிலச் சாறு குடுத்தேன்.”

“எல குடுத்தா பச்சையாத்தானே வரும்? கண்டதையும் குடுக்காதீங்கம்மா,” என்று சிரித்தார். பூச்சி மருந்து எழுதினார். வயதுக்கு ஏற்ற எடை இல்லை என்றும் சொன்னார். அது அவள் அப்பா வாகு. போன வருஷம் எடுத்த யூனிபாரம் இந்த வருஷமும் சரியாக இருக்கிறது. தையல்காரரிடம் போகிற வேலை மிச்சம் என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூச்சி மருந்தும் கொடுத்தேன், இலையும் கொடுத்தேன். இரண்டில் ஒன்று கேட்காமலா போகும்?

ஜூலை 21, ஞாயிறு

ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் கிளம்பினோம். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. எப்படியோ ஜன்னல் ஓரத்தில் ஒரு சீட் பிடித்து, தனுவை மடியில் வைத்துக்கொண்டேன். கழுகுமலை தாண்டியதும் “அம்மா, வலிக்கி” என்றாள். அடுத்த நிமிஷம் என் பட்டுச்சேலை முழுக்கக் கக்கினாள். பச்சை.

பக்கத்தில் நின்ற அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “புள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க?” என்றாள். “மருந்து,” என்றேன்.

இவர் குனிந்து என் காதருகில், “இன்னைக்கு எல குடுக்கலியே?” என்றார்.

முந்தாநாள் கொடுத்தது. அது வயிற்றிலேயே கிடந்திருக்கும். சில பிள்ளைகளுக்குச் செரிமானம் மெதுவாகத்தான் இருக்கும். இதைச் சொன்னால் இந்த மனிதர் என்னையே பார்க்கிறார். என்ன பார்வை அது? நான் என்ன பிள்ளைக்கு விஷமா கொடுக்கிறேன்? பஸ் என்றும் பாராமல் கத்திவிட்டேன். கோவிலில் கூட்டத்துக்குள் எதையும் பார்க்கவில்லை. அம்பாள் தேரில் வந்தாளா, சப்பரத்தில் வந்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜூலை 22, திங்கள்

தீப்பெட்டி ஆபீஸ் வேலியில் கொடி காய ஆரம்பித்துவிட்டது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புதுக் கொடி பார்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. இன்று எழுதாவிட்டால் எழுந்து நடந்துகொண்டே இருப்பேன். வாட்ச்மேன் ஏற்கெனவே இரண்டு தடவை உட்காரச் சொல்லிவிட்டான். மாவுப் பையைத் தோளில் மாட்டியபடியே ஓடி வந்ததில் இந்த டைரியும் கூடவே வந்துவிட்டது.

திருநெல்வேலியில் இருக்கிறோம். பெரிய ஆஸ்பத்திரி.

நேற்றுக் காலை எழும்போதே தனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இவர் விடியுமுன்னே மதுரைக்கு லோடு எடுத்துப் போயிருந்தார். சாறு கொடுத்தேன். கக்கினாள். கக்கினால் வலி நின்றுவிடும், அதுதானே வழக்கம்? பாயில் படுக்க வைத்துவிட்டு மாவு விற்கப் போய்விட்டேன். ஆள் வந்து நிற்கிறார்களே, திருப்பி அனுப்பவா முடியும்? உள்ளே போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழவில்லை. அழாமல் கிடந்ததால் சரியாகி வருகிறது என்று இருந்தேன்.

மதியம் தொட்டுப் பார்த்தபோது வயிறு பலகையாக இருந்தது. கை வைத்தால் வீறிடுகிறாள். கை கால் சில்லென்று இருந்தது. வெளிக்குப் போனாள். ரத்தம். கறுத்த ரத்தம்.

அதற்குள் இவர் வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாயோடு பிள்ளையை அள்ளினார். கோவில்பட்டியில் ஊசி போட்டு, “இங்க பாக்க முடியாது, நிக்காமப் போங்க,” என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். வழி முழுக்கத் தனு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, “அப்பா, அப்பா,” என்றாள்.

வந்ததும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். டாக்டரம்மா வெளியே வரும்போது நடைபாதையில் விளக்கு போட்டிருந்தார்கள். மூக்குத்தி போட்ட சின்ன வயசு முகம். இவளா என் பிள்ளையின் வயிற்றைத் திறந்தாள் என்று நினைத்தேன்.

“பொறக்கும்போதே இவளுக்குக் குடல் சரியான எடத்துல பதியல,” என்றார். “நல்லா விரிஞ்சு ஒட்டி நிக்க வேண்டியது, ஒரு சின்னக் காம்புல தொங்கிட்டு இருந்திருக்கு. அப்பப்ப முறுக்கியிருக்கும், தானா பிரிஞ்சிருக்கும். முறுக்கினா வலி, பிரிஞ்சா வெளையாட்டு. இந்தத் தடவ பிரியல. ரத்தம் போற வழி அடைச்சுப் போச்சு.”

“இப்ப?” என்று இவர் கேட்டார்.

“முறுக்க எடுத்துவிட்டுட்டோம். கொஞ்சம் குடல் கருப்பாயிருக்கு, அது போயிருச்சு. மிச்சமெல்லாம் நீலமா இருக்கு. அது செவக்குமா கருக்குமான்னு இன்னைக்குச் சொல்ல முடியாது. நாளன்னைக்கு மறுபடியும் தொறந்து பாப்போம். செவந்தா பொழச்சுக்குவா.”

“கருத்துட்டா?”

அவ்வளவு குடலையும் எடுத்துவிட்டால் பிள்ளை வாயால் சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது, ஊசி வழியாகத்தான் எல்லாம் ஏற்ற வேண்டும், எத்தனை நாள் தாங்குவாள் என்று சொல்ல முடியாது என்றார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இதுக்கு முன்னாடி பச்சையா வாந்தி எடுத்திருக்காளா?”

நான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னே இவர் பேசிவிட்டார். “எடுத்திருக்கா மேடம். நான்தான் பச்சிலச் சாறு குடுத்தேன். அதான் பச்சையா வருதுன்னு நெனச்சிட்டோம்.”

“நீங்களா?”

“ஆமா. நான்தான்.”

“எலையால முறுக்கல. அத நெனச்சு உருகாதீங்க. ஆனா கொழந்த பச்சையா கக்கினா அன்னைக்கே ஓடி வரணும். நாள் போயிருச்சு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இவருக்கு வேலிப்பருத்திக்கும் கோவைக்கொடிக்கும் வித்தியாசம் தெரியாது. ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்க நேரமும் வாய்க்கவில்லை. ராத்திரி முழுக்க ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்னும் கூப்பிடவில்லை. காலையிலேயே உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

என்னால் உட்கார முடியவில்லை. வீட்டில் என்றால் அரிசி களையலாம், பாத்திரம் தேய்க்கலாம். இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. பெஞ்சுக்கு அடியில் கிடந்த பழத்தோலையும் பேப்பரையும் கூட்டி அள்ளினேன். பக்கத்தில் ஏரல் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவின் தூக்குவாளியை வாங்கிக் கழுவிக் கொடுத்தேன். அவள் கேட்கவே இல்லை. தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடாத பையனோடு சண்டை போட்டேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். எப்படித்தான் இருக்க முடிகிறதோ.

சிவக்கணும், சிவக்கணும் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. சிவப்பாக எதைக் கண்டாலும் நின்றுவிடுகிறேன். மூலையில் மாட்டியிருக்கிற மணல் வாளி. ஒருத்தி கட்டியிருந்த சேலை. கறுப்புச் சட்டையோடு ஒரு ஆள் எங்கள் பெஞ்சில் வந்து உட்காரப் பார்த்தார், ஆள் வருகிறது என்று பொய் சொல்லி விரட்டிவிட்டேன். பாவம், அவர் வீட்டுப் பிள்ளைக்கு என்னவோ.

மதியம்: என் அண்ணன் கடற்கரை சாத்தூரிலிருந்து வந்தான். பாத்திரக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான். அண்ணன் என்றால் எனக்கு உயிர். ஆனால் அவன் தொண்டை கடைத்தெருவுக்குப் பழகிய தொண்டை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். இவர் எல்லாவற்றையும் சொன்னார், ‘நான்தான் சாறு கொடுத்தேன்’ என்பதையும் சேர்த்து.

“லோடு ஏத்துறவனுக்கு வைத்தியம் எதுக்குவே? பச்சப் புள்ளைக்கு எலையப் புழிஞ்சு ஊத்திருக்கீரு! ஒம்ம நம்பிப் பொண்ணக் குடுத்தோம் பாரும், எங்களச் சொல்லணும்!” என்று நடைபாதையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணன் அப்புறம் என்னவெல்லாம் பேசினான் என்று தெரியாது. நான் பிளாஸ்க் கழுவப் போய்விட்டேன். உள்ளே காப்பிக் கறை பிடித்திருந்தது, தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. திரும்பி வந்தபோது அண்ணன் கிளம்பிவிட்டிருந்தான்.

சாயங்காலம்: டாக்டரம்மா வந்தார். முகமூடியைக் கீழே இறக்கினார். “செவந்திருச்சு,” என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்து கதறி அழுதேன். இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஒரு முழம் போல வெட்டி எடுத்துவிட்டுச் சேர்த்துத் தைத்திருக்கிறார்களாம். மிச்சம் உயிரோடு இருக்கிறதாம். அது வேலை செய்கிறதா என்பதை இனி பார்க்க வேண்டுமாம். தைத்த இடம் விடாமல் இருக்க வேண்டும், குடல் அசைய வேண்டும், அதுவரை சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாதாம். இவர் டாக்டரம்மா போன திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். யாரும் இல்லாத நடைபாதையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பேசினாள். “தண்ணி,” என்றாள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்க மட்டும் விட்டார்கள்.

ஆகஸ்ட் 10, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய். அது கட்டிலுக்குக் கீழே தொங்குகிற பைக்குப் போகிறது. காலையில் போர்வையை ஒதுக்கும்போது பையைப் பார்த்தேன்.

பச்சை. அதே பச்சை. என் பட்டுச்சேலையில் ஒட்டியிருந்த அதே பச்சை.

பிள்ளை வாயில் ஒன்றும் படாமல் எத்தனையோ நாளாயிற்று. வயிற்றையே இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டார்கள். இலை எங்கிருந்து வரும்? சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “சிஸ்டர், இது என்னது?”

“பித்தநீர்மா. ஒங்க வயித்துல, என் வயித்துல, எல்லார்க்கும் இருக்கு. கீழ போக வேண்டியது. வழி அடைச்சா மேல ஏறி வரும். குடல் முழிச்சுக்கிட்டா கொறைஞ்சிரும், பயப்படாதீங்க.”

அப்படியென்றால் முதல் நாள் கக்கியதும்...

சிஸ்டர் பையை மாற்றிவிட்டுப் போய்விட்டார். நான் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஜன்னல் கம்பியைத் துடைத்தேன். இவர், “கொஞ்சம் ஒக்காரு செம்பகம்,” என்றார். ஒரு வார்த்தை திட்டமாட்டாரா இந்த மனிதர்? பஸ்ஸில் கேட்டாரே, ‘இன்னைக்கு எல குடுக்கலியே’ என்று. அதையாவது இப்போது சொல்லிக் காட்டக்கூடாதா? தட்டில் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து என் பக்கமாக நகர்த்தி வைத்தார். கடை இட்லி. புளித்துப் போன மாவு. முழுதாகத் தின்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வார்டு முழுக்க ஒரு குசுவுக்காகக் காத்துக் கிடந்தோம். சிரிக்க வேண்டாம். அதுதான் குடல் முழித்துக்கொண்டதற்கு அடையாளமாம். டாக்டரம்மா காலையிலும் மாலையிலும் வந்து, “காத்துப் போச்சா பாப்பா?” என்று கேட்பார். தனு வெட்கப்பட்டுக்கொண்டு தலையை ஆட்டுவாள், இல்லை என்று. பக்கத்துக் கட்டில் ஏரல்காரம்மா உவரி சாமிக்கு நேர்ந்துகொண்டாள். குசுவுக்கு நேர்ச்சை போட்ட குடும்பம் உலகத்தில் எங்களைத் தவிர யாராவது இருப்பார்களா?

இன்று காலை போயிற்று. இவர்தான் முதலில் கேட்டார். வாய் பேசாத மனிதர் எழுந்து நின்று, “சிஸ்டர்! போயிருச்சு!” என்று கத்தினார். வார்டே சிரித்தது. தனு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பையில் பச்சை இல்லை, வெறும் எச்சில் போலத் தெளிவாக இருந்தது. இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அது தங்கினால் இனி ஒவ்வொன்றாக ஏற்றலாம், பிள்ளை பழையபடி சாப்பிட்டு வளர்வாள் என்றார்கள். இந்தத் தண்ணீருக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். டம்ளரை அலசி, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, ஸ்பூனில் எடுத்து அவள் வாயருகே கொண்டு போனேன்.

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“தண்ணிதாம்மா. வெறுந்தண்ணி,” என்றேன். தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பா குடுக்கட்டும்.”

ஸ்பூனை இவரிடம் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். தண்ணீர் தங்கியது, கக்கவில்லை. அது போதும். யார் கையால் குடித்தால் என்ன, குடித்தாளே. எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. வராந்தாவில் வெயில் அதிகம், கண் கூசியது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் இவர் கையால் நாலு ஸ்பூன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். எல்லாம் தங்கியது. நாளைக் கஞ்சித் தண்ணீர் என்று டாக்டரம்மா சொன்னார். நான் துவைக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். கட்டிலில் இருந்து எட்டியே நின்றேன். பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்வது?

சாயங்காலம் கடற்கரை அண்ணன் வந்தான். ஒரு பை நிறைய ஆப்பிள், அவன் கடையிலிருந்து ஒரு குட்டி டம்ளர். ஆப்பிளைக் கண்ணால்தான் தின்ன வேண்டும், அதற்கு இன்னும் நாளிருக்கிறது. அவனுக்குப் பிள்ளையைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் அவனுக்குக் கோபம்தான் வரும், அது எங்கள் வீட்டு வாகு. இவர் கட்டிலருகே முட்டி போட்டு உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் இவர் தலைக்கு மேலே குனிந்து தனுவிடம் சொன்னான்.

“இனிமே ஒங்க அப்பன் எதக் குடுத்தாலும் குடிச்சிராத, என்ன? அந்த எலையக் குடுத்துத்தான் ஒன்ன இந்தக் கதிக்குக் கொண்டாந்துட்டான்.”

இவர் காலைப் பிடிப்பதை நிறுத்தவில்லை. நான் நனைந்த துணியோடு நின்றிருந்தேன். பிழிய வேண்டியதுதான், பிழிந்துகொண்டு அப்படியே வெளியே போய்விடலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தேன்.

“அப்பா குடுக்கல மாமா,” என்றாள் தனு.

“பின்ன யாரு குடுத்தா?”

அவள் என்னைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். ஆம்புலன்ஸில் ஏறியதிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை. முகம் சுண்டைக்காய் அளவுக்கு வற்றிப் போயிருக்கிறது, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

“யாரும் குடுக்கல. நானே குடிச்சேன்.”

அண்ணன் சிரித்துவிட்டான். “பாத்தியா, அப்பன விட்டுக் குடுக்க மாட்டேங்கா!” என்றான். இவர் சிரிக்கவில்லை. காலைப் பிடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

மூக்கைப் பிடித்து ஊற்றினேன். காலைப் பிடித்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். ஆறு வயதுப் பிள்ளை, வயிற்றில் இத்தனை தையலோடு படுத்துக்கொண்டு, என்னைக் காப்பாற்றுகிறாள். துணியைக் கீழே போட்டேன்.

“இல்லண்ணே. நான்தான் குடுத்தேன்.”

“என்ன சொல்லுத?”

“ஒவ்வொரு தடவையும் நான்தான். மூக்கப் புடிச்சு ஊத்துனேன். அவுக ஒரு தடவகூடக் குடுக்கல. எனக்காகச் சொன்னாக. பச்சையா வந்தது எல இல்லண்ணே, அது பித்தம். அவுக மொதல்லயே கேட்டாக. நான்தான் வாய அடைச்சிட்டேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். “மாப்ள,” என்றான். ஆப்பிள் பையைக் கீழே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். ஏரல்காரம்மா போர்வையை உதறுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அம்மாவ ஏசாதீங்க மாமா,” என்றாள் தனு.

ஏச வேண்டியவர் முட்டியில் கையூன்றி எழுந்தார். மேசையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. எடுத்து என்னிடம் நீட்டினார். ஸ்பூனையும் வைத்தார்.

“தண்ணி குடுக்க நேரமாச்சு. நீ குடு.”

பாதித் தண்ணீர் போர்வையில் சிந்தியது. மறுபடி ஸ்பூனில் எடுத்து அவள் பக்கமாகக் கொண்டு போனேன். தனு என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கினாள். ஸ்பூனுக்குள் பார்த்தாள். டம்ளரைச் சாய்க்கச் சொல்லி அதற்குள்ளும் எட்டிப் பார்த்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.